பந்தடி கண்டேன்

பெருங்கதையின் வத்தவ காண்டத்திலே ‘பந்தடி கண்டது’ என்றொரு பகுதி வருகின்றது. கொங்குவேளிர் இயற்றிய அக்காப்பியத்தை ஏட்டிலிருந்து மீட்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924 ஆம் ஆண்டிலே பதிப்பித்தார். பண்டிதர் பரீட்சைக்குப் படித்த நாளில் அந்தப் பகுதியை நான் குறிப்புரையோடு மனத்தில் இருத்தியிருந்தேன். பின்னர் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். பந்துக்குக் கந்துகம் என்றொரு பெயர் உண்டென்றும், பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை ஒரு பருவமென்றும், கழங்காடுதல் வேறு பந்தாடுதல் வேறு என்றும் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆயினும் ஒரு பெண்பிள்ளை பந்தாடுவதை நின்று பார்த்தவனல்லேன், சென்ற தை மாதம் வரையில்.

எங்கள் கல்லூரி சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலே, முந்தல் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணற்றிடலில் இருக்கின்றது. தெற்கே சென்றால் முன்னேஸ்வரம். வடக்கே சென்றால் புத்தளத்து உப்பளங்கள். அதற்கும் அப்பால் களப்பைச் சுற்றிப் போனால் கற்பிட்டி. இந்தக் கரையின் பெருமை யாது என்று பிள்ளைகள் கேட்டால் நான் தயங்காமல் சைமன் காசிச்செட்டியைச் சொல்வேன். 1807 இல் கற்பிட்டியிலே பிறந்து, 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டவர் அவர். பந்தாடும் பிள்ளைகளை இக்கரையின் பெருமையாக நான் என்றுமே எண்ணியதில்லை. அவர்களை எண்ணியதே இல்லை என்பதுதான் உண்மை.

சென்ற ஆண்டின் முடிவிலே எங்கள் உடற்கல்வி ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போனார். அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. புதிய ஆண்டின் முதற்றவணை தொடங்கிய வாரத்திலே அதிபர் என்னை அழைத்தார். “வலைப்பந்தாட்டக் குழுவுக்குப் பொறுப்பாசிரியர் ஒருவர் வேண்டும். வலயப் போட்டிக்குப் படிவத்தில் கையொப்பம் வைக்க வேண்டும். மாலையில் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். பெண் ஆசிரியர் ஒருவர் துணைக்கு வருவார். ஆனால் அவருக்குச் சிறு குழந்தை இருக்கிறது. பின்னேரம் ஓய்வாக இருப்பவர் நீங்கள் ஒருவர்தாம்” என்றார். ஓய்வென்று அவர் சொன்னது, கீழைத்தேயக் கல்லூரியிலே வாரத்துக்கு மூன்று நாள் யாப்பருங்கலக்காரிகை சொல்லிக்கொடுத்து நான் மீதியாக வைத்திருந்த இரண்டு மாலைகளை! மறுக்க வாயெடுத்தேன். படிவம் ஏற்கெனவே என் பெயரில் எழுதப்பட்டிருந்தது.

ஆசிரியர் அறையிலே இதுபற்றிச் சிறிது நகைப்பு எழுந்தது. பண்டிதருக்கும் பந்துக்கும் என்ன உறவு என்று ஒருவர் கேட்டார். பந்துவென்றால் உறவுதானே என்று நான் சிலேடையாகச் சொல்லித் தப்பினேன். பின்னர்தான் நல்லதொரு விடை நினைவுக்கு வந்தது. வடமொழியிலே கவிதையும் கதையும் எழுதிப் பண்டிதா என்று போற்றப்பட்ட க்ஷமா ராவ் அம்மையார் பம்பாயிலே தாமும் டென்னிஸ் ஆடியவர். அவருடைய மகள் லீலா ராவ் 1934 இல் விம்பிள்டன் களத்திலே ஓர் ஆட்டத்தை வென்றார். அங்கே வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் அவரே. அம்மகளும் பிற்காலத்தில் நாட்டிய நூல்களிலே உழைத்தவர். பண்டிதையின் வீட்டிலே பந்தும் சுவடியும் பகையின்றி இருந்திருக்கின்றன. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

முதல்நாள் மாலை மூன்றரை மணிக்குத் திருத்த வேண்டிய கொப்பிகளைக் கட்டிக்கொண்டு போய்ப் பூவரச மர நிழலிலே நாற்காலி போட்டு அமர்ந்தேன். மாரிமழை ஓய்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. களம் என்பது மணல். 100 அடி நீளமும் 50 அடி அகலமும் வேண்டிய களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டால் மணல் அதை விழுங்கிவிடும். ஆகையால் பிள்ளைகள் தும்புக் கயிற்றை இழுத்து முளையடித்து எல்லை கட்டியிருந்தார்கள். பழைய லொறிச் சக்கரத்தின் ரயருக்குள்ளே சீமெந்து வார்த்து அதில் இரும்புக் குழாயை நட்டிருந்தார்கள்; அது கோல் கம்பம். 10 அடி உயரத்திலே 15 அங்குல வளையம். வளையத்தில் வலை இல்லை. கரைவலைத் துண்டொன்றைக் கட்டியிருந்தார்கள். இவ்வளவு வலைக்காரர் வாழும் ஊரிலே அதற்குப் பஞ்சமா?

வந்தவர்கள் பன்னிருவர். இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒன்றாய்ப் படிக்கும் கல்லூரி எங்களது, குழுவும் அவ்வாறே. மற்ற ஆசிரியரையெல்லாம் ‘சேர்’ என்று அழைக்கும் பிள்ளைகள் என்னை மட்டும் ‘பண்டிதர் ஐயா’ என்பார்கள். “ஐயா விசில் ஊதுவீங்களா?” என்று கேட்டு ஒருத்தி விசிலைக் கையில் தந்தாள். எதற்கு ஊதுவது என்று நான் கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிக்கவில்லை, அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். குழுவின் நடுவிலே ஆடுபவள், பதினோராந் தரத்துப் பிள்ளை, முன்வந்து சொன்னாள்:

“பந்து கைக்கு வந்தா மூணு எண்ணுறதுக்குள்ள குடுத்திடணும் ஐயா. வச்சிருந்தா பிழை. ஊதுங்க.”

“ஓடலாமா?”

“பந்தோட ஓட ஏலாது. பந்தில்லாதவதான் ஓடணும்.”

கொப்பியை மூடினேன். முப்பது ஆண்டு நான் சொல்லிக்கொடுத்த பந்துகளெல்லாம் அந்தக் கணத்திலே என் முன் உருண்டு வந்தன என்று சொன்னால் அது மிகையன்று.

நம் இலக்கியத்தில் வரும் பந்தாட்டங்களை வாசகர் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். சீவகசிந்தாமணியிலே விமலை ஆடிய பந்து வீதியிலே விழுகிறது. அதைத் தேடி வந்தவள் சீவகனைக் காண்கிறாள். அங்கே பந்து காதலுக்குத் தூது; அதன் வேலை அத்துடன் முடிந்தது. குற்றாலக் குறவஞ்சியிலே வசந்தவல்லி பந்தடிக்கிறாள், குற்றாலநாதரின் உலா வருகிறது, பந்து மறைந்துபோகிறது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துகவரி பாடும் பெண்கள் பந்தடித்துக்கொண்டே பாண்டியனை வாழ்த்துகிறார்கள். அம்மானையிலே மூன்று பெண்கள் கூடியிருந்து பகிர்ந்துகொள்வதெல்லாம் பாட்டைத்தான். புலவர்களின் கண் சென்ற இடங்களையும் நாம் அறிவோம். அவிழ்ந்த கூந்தல், ஒலித்த வளை, வருந்திய இடை. பந்து எத்தனை தடவை கை தவறிற்று, எங்கே யாரிடம் அவள் பழகினாள், பழகும்போது கணுக்கால் பிசகிற்றா என்று எந்தப் புலவரும் விசாரித்ததில்லை.

ஒருவர் மட்டும் எண்ணிக்கை வைத்தார். அவர் கொங்குவேளிர். பந்தடி கண்ட பகுதியிலே ஒருத்தி அடித்த தொகையை அடுத்தவள் மிஞ்ச, அவளை மற்றொருத்தி மிஞ்ச, கணக்கு ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. முடிவில் கோசலத்துப் பெண்ணாகிய மானனீகை எல்லோரையும் வென்றுவிடுகிறாள். பெண்கள் வெல்வதற்காக ஆடுகிறார்கள், தோற்றவளுக்கு அது வருத்தமே என்பதை ஒப்புக்கொண்ட இடம் அது. அதனாலேயே அப்பகுதி எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அங்கும் உதயண மன்னன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மானனீகை பெற்ற வெற்றியின் பயன் மன்னன் மனத்தைப் பெற்றதாகவே முடிகிறது. அவளுடைய கணக்கு அவளுக்கென்று இருக்கவில்லை.

சங்கப் பாட்டில் வரும் பந்து வேறு. மகள் தலைவனோடு உடன்போக்குச் சென்றபின் வீட்டிலே தாய் காண்பவை அவள் விட்டுப்போன பந்தும் பாவையும் கழங்கும். அங்கே பந்து ஆடப்படுவதில்லை, கிடக்கிறது. இதை நான் இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னர் வருகிறேன்.

எடுத்த பொறுப்பை அறியாமல் நடத்துவது ஆசிரியனுக்கு அழகன்று என்று கருதி விதிநூலை வாங்கிப் படித்தேன். அதன் வரலாற்றையும் தேடினேன். பண்டிதர்களுக்கு ஒரு சொல்லைக் கண்டால் வேரைத் தோண்டாமல் இருக்கமுடியாது.

1891 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலே ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் பனிக்காலத்தில் மாணவர்கள் கட்டடத்துக்குள் ஆடுவதற்கென்று பழக்கூடை இரண்டைத் தொங்கவிட்டுக் கூடைப்பந்தை உண்டாக்கினார். சில ஆண்டுகளுக்குள் அது இங்கிலாந்தை அடைந்தது. அங்கே மார்ட்டினா பெர்க்மான் ஊஸ்டர்பெர்க் என்ற சுவீடன் நாட்டு அம்மையார், பெண்களை உடற்கல்வி ஆசிரியைகளாக்குவதற்கென்றே ஒரு கல்லூரி நடத்திவந்தார். 1895 இல் அது டார்ட்ஃபோர்டுக்கு மாறிற்று. அந்தக் கல்லூரியின் மாணவியர் கையிலேதான் கூடைப்பந்து வலைப்பந்தாயிற்று. நிலந்தோயும் பாவாடையும் இறுக்கிய மேற்சட்டையும் அணிந்தவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதெப்படி? ஆகவே களத்தை மூன்றாய்ப் பகுத்து, ஒவ்வொருத்திக்கும் இன்ன பகுதியென்று வரையறுத்து, பந்து பெற்றவள் நிற்கவும் பெறாதவள் ஓடவும் விதி செய்தார்கள். 1901 இல் விதிகள் அச்சேறின. அங்கே பயின்ற ஆசிரியைகள் போன நாடெல்லாம் ஆட்டமும் உடன்போயிற்று.

இதைப் படித்த மறுநாள் ஒரு காரியம் எனக்கு எளிதாயிற்று. எங்கள் குழுவிலே இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் தலையை மூடி, முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணிந்து ஆடுகிறார்கள். அவ்வாறு உடுத்திக்கொண்டு எப்படி ஆடுவது என்று ஒரு தாய் என்னிடம் வந்து கவலைப்பட்டார். “இது உங்கள் மகளைவிட நீளமாக உடுத்தியிருந்த பெண்களால் உண்டாக்கப்பட்ட ஆட்டம்” என்று சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, மகளை அனுப்பிவருகிறார்.

இலங்கைக்கு வந்த கதையும் சிறிதன்று. 1921 இலே கண்டி உயர்தரப் பெண்பாடசாலையில் இதைப் பழக்கினார்கள். 1956 இல் ஆஸ்திரேலியக் குழு கொழும்பிலே வந்து ஆடிற்று. அக்காலத்தில் நாட்டுக்கொரு விதி. நியூசிலாந்திலே பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடும் வழக்கம்கூட நெடுநாள் இருந்தது. 1960 இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி விதிகளை ஒன்றாக்கி உலகச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். கூடிய இடம் வேறெங்குமன்று, கொழும்பு. 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னிலே நடந்த முதல் உலகப் போட்டியில் பங்குகொண்ட பதினொரு குழுக்களில் இலங்கையும் ஒன்று. நம் வீட்டுக் கூடத்திலே எழுதப்பட்ட இலக்கணத்தை நாமே படியாதிருந்தோமே என்று எனக்குப் பட்டது.

பிள்ளைகளுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டியதில்லை. அவர்களுக்கு ஒரு படம் போதும். பந்து வைக்கும் அலுமாரியின் கதவிலே, உட்புறத்தில், தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாண மாவட்டத்துத் தமிழ்ப்பெண், 2.08 மீற்றர் உயரம். 2009 இலும் 2018 இலும் 2022 இலும் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது குழுவிலே இருந்தவர். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகப் போட்டியிலே எல்லா நாட்டாரிலும் மிகுதியான கோல் இட்டவரும் அவரே. எங்கள் கோல் சூட்டர் அந்தப் படத்தை நாள்தோறும் தொட்டுவிட்டுத்தான் பந்தை எடுப்பாள். அவளுடைய உயரம் 5 அடி 3 அங்குலம். ஆகையால் அவள் தர்ஜினியிடமிருந்து கற்கக்கூடியது உயரமன்று. ஆரவாரத்துக்கு நடுவிலே முழங்காலை மடக்கிக் கண்ணை வளையத்தின் பின்விளிம்பிலே வைத்து நிதானமாய் எய்வது. அதை அவளே எனக்குச் சொன்னாள்.

பயிற்சியைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இப்பகுதிதான் நூல்களில் இல்லாதது.

ஒரு பிள்ளை பந்தைத் தாவிப் பிடித்து நிலத்தில் முதலில் ஊன்றிய கால் எதுவோ, அதை எடுத்தால் மறுபடி ஊன்றுமுன் பந்து கையைவிட்டுப் போயிருக்கவேண்டும். மற்றக் காலைச் சுற்றிச் சுழற்றி வைக்கலாம். இதை உடம்பு கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகின்றது தெரியுமா? மணலிலே கால் புதைந்து சறுக்கும். சறுக்கினால் விதி பிழைத்தது. முதல் மூன்று வாரமும் ஆட்டமே கிடையாது. பந்தின்றியே ஓடி நிற்பதும், நின்று சுழல்வதும்தான். தளை தட்டாமல் வெண்பா எழுதப் பழகும் மாணாக்கனை எனக்கு நன்கு தெரியும். அவன் முகத்திலே தோன்றும் அதே வருத்தத்தை இந்தப் பிள்ளைகளின் முகத்திலும் கண்டேன். வெண்பாக்காரன் வியர்ப்பதில்லை என்பதொன்றே வேற்றுமை.

என்னால் நேர்ந்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். பந்தை மூன்று நொடிக்குமேல் வைத்திருத்தலாகாது என்று விதிநூலின் தமிழாக்கத்திலே படித்தேன். நொடி என்றால் தொல்காப்பியர் மாத்திரைக்குச் சொன்ன அளவல்லவா? கைந்நொடிப் பொழுது. அந்தக் கணக்கிலே விரலை மூன்று தரம் நொடித்து விசிலை ஊதிவிட்டேன். பிள்ளைகள் திகைத்தார்கள். பந்து கைக்கு வருமுன்னே விசில் வருவதுபோலாயிற்று. இரண்டு வாரம் இப்படியே நடந்தது. எவரும் முறையிடவில்லை, பண்டிதர் ஐயா கடுமையானவர் என்று எண்ணிக்கொண்டார்கள் போலும். பிறகு துணையாசிரியை வந்து பார்த்து, விதிநூல் சொல்லுவது கடிகாரத்துச் செக்கன் என்று விளக்கினார். வெட்கமாயிருந்தது. ஆனால் அன்று செக்கன் கணக்கிலே எண்ணியபோது பிள்ளைகளுக்கு நேரம் எஞ்சிக் கிடந்தது! பந்து பெறுமுன்பே யாருக்குக் கொடுப்பதென்று பார்த்து வைத்திருக்க அவர்கள் பழகிவிட்டிருந்தார்கள். தொல்காப்பியர் பயிற்றிய குழு இது என்று துணையாசிரியை சொல்லிச் சிரித்தார்.

கலைச்சொல் விஷயத்தில் எனக்கு வெற்றி கிட்டவில்லை. கோல் சூட்டர், கோல் அட்டாக், சென்ரர், கோல் கீப்பர் என்று வரும் ஏழு நிலைகளுக்கும் தமிழ்ப்பெயர் ஆக்கிக் கொடுத்தேன். கோல் கீப்பருக்கு வாயில் காப்பாள், சென்ரருக்கு நடுநாயகி. ‘சென்ரர்’ பிள்ளை இரண்டு நாள் வெட்கத்தால் களத்துக்கு வரவே தயங்கினாள். நான் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனால் ஆட்டச்சூட்டிலே “ஏய் நடுநாயகி, இங்க குடு!” என்ற கூச்சல் சிலவேளை இன்றைக்கும் எழுகிறது. மொழி எந்த வாயிலால் உள்ளே நுழையும் என்பதை யார் சொல்லக்கூடும்?

மாசியிலே நோன்பு மாதம் வந்தது. நோன்பிருக்கும் பிள்ளைகளுக்கு ஓட்டமில்லை. நிழலில் நின்று பந்தை வளையத்தில் இடப் பழகினார்கள். கோல் டிபென்ஸ் பிள்ளை இப்போது கோல் சூட்டரைவிட நன்றாக இடுகிறாள். ஆனால் அவள் நிலைக்குக் கோல் இடும் உரிமை இல்லை. இப்படியும் ஒரு பயன். பங்குனி பிறந்தபோது கடற்காற்று திசைமாறத் தொடங்கிற்று. பந்தை உயர எய்தால் களப்பின் பக்கம் சாய்த்துக்கொண்டு போகும். காற்றுக்கு இடங்கொடுத்து எய்வது எப்படி என்று நான் விதிநூலைப் புரட்டினேன். பிள்ளைகள் கரையிலே வளர்ந்தவர்கள், அவர்கள் புரட்டவில்லை.

பதினெட்டு ஆண்டுகளுக்குமுன் என் வகுப்பிலே நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒருத்தி இருந்தாள். செய்யுளை ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்வாள். அவள் பந்தாட்டக் குழுவிலும் இருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டு, “பந்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தால் தமிழ் எப்படி வரும்?” என்று கடிந்து, பெற்றோரிடமும் சொல்லிக் குழுவிலிருந்து விலக்குவித்தேன். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு படிப்பையும் விட்டாள், மணம் முடித்துவிட்டார்கள். அவளுடைய மகள்தான் இன்று எங்கள் வாயில் காப்பாள். மகளைக் கூட்டிப்போக ஒருநாள் மாலை வந்தவள், கயிற்றெல்லைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து ஒன்று அவள் காலடியில் உருண்டு போயிற்று. எடுத்தாள், இடக்காலை ஊன்றி, தோளுக்குமேல் பின்வாங்கி, நாற்பது அடி தூரத்திலே நின்ற பிள்ளையின் மார்புக்கு நேரே எறிந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “ஐயா இப்ப பந்து படிப்பிக்கிறீங்களாமே” என்றாள். குரலிலே குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இனி ‘சென்ரர்’ பிள்ளையின் செய்தி. வலைப்பந்தை அறியாதவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். கோல் வட்டங்கள் இரண்டையும் தவிரக் களம் முழுவதும் செல்லும் உரிமை சென்ரர் ஒருத்திக்கே உண்டு. ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் ஆட்டம் தொடங்குவது நடு வட்டத்திலிருந்து, இரு பக்கத்துச் சென்ரருக்கும் முறை மாறி மாறி. அவள் தளர்ந்தால் குழு இரண்டு துண்டாகிவிடும். இந்தப் பிள்ளை மூன்று ஆண்டுகளாக அந்த நிலையில் ஆடிவருகிறாள். சென்ற ஆண்டு வலயப் போட்டியின் இறுதியாட்டத்திலே இரண்டு கோலால் தோற்றார்கள். அன்றைய கோல் கணக்கை அவள் தன் கொப்பியின் பின்னட்டையிலே எழுதி வைத்திருக்கிறாள். மானனீகைக்குப் போட்டியாக நின்றவர்களில் இப்படி எழுதி வைத்தவள் ஒருத்தியாவது இருந்திருப்பாள் என்றே நம்புகிறேன்.

அவளுடைய தந்தையார் ஒரு சம்மாட்டியின் வாடியிலே கரைவலை இழுப்பவர். எங்கள் கரையிலே கடல் அமைதியாயிருக்கும் ஐப்பசி முதல் சித்திரை வரையில்தான் கரைவலை. சோளகம் எழுந்து அலை கொந்தளிக்கத் தொடங்கினால் வலையை மடித்துக்கொண்டு பலர் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அங்கே அப்போது கடல் அமைதி. இவ்வாண்டு அவர் மனைவி மக்களையும் உடன் அழைத்துப்போகத் தீர்மானித்திருக்கிறார். சித்திரைப் புதுவருடம் கழிந்த வாரத்திலே பயணம். வலயப் போட்டியோ வைகாசியில். பிள்ளை ஆண்டு முடிவிலே க. பொ. த. சாதாரணதரப் பரீட்சைக்கு வேறு இருக்கவேண்டியவள்.

நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தந்தையார் கட்டிலிலிருந்து எழுந்து எனக்கு இடம் கொடுத்து, தாம் மணலில் அமர்ந்தார். அம்மம்மாவோடு பிள்ளையை விட்டுப் போகலாகாதா என்று கேட்டேன். அம்மம்மாவுக்குக் கண் தெரியவில்லை; அவரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். விடுதி உண்டா என்று அவர் கேட்டார். எங்கள் கல்லூரியில் விடுதி இல்லை. “பரீட்சைக்கு அங்கயுள்ள பள்ளிக்கூடத்தில சேத்து விடுறேன் ஐயா. படிப்பை நிப்பாட்ட மாட்டேன்” என்றார். அந்த வாக்கிலே பொய் இல்லை. அதற்குமேல் நான் எதைக் கேட்பது? பந்துக்காக ஒரு குடும்பத்தைப் பிரிந்திருக்கச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. பதினெட்டு ஆண்டுக்குமுன் மற்றப் பிள்ளையின் வீட்டிலே எனக்கு எவ்வளவு துணிவு இருந்தது! திண்ணையோரத்திலே அவள் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

மறுநாள் மூன்றரை மணிக்கு அவளே முதலில் வந்து கயிறு கட்டினாள். முளைகளை அடித்து முடித்துவிட்டு, ஒன்பதாந் தரத்துப் பிள்ளை ஒருத்தியை, மெலிந்தவள், அதுவரை மேலதிக ஆட்டக்காரியாய்க் கரையில் இருந்தவள், கையைப் பிடித்து நடு வட்டத்துக்கு அழைத்து வந்தாள். நெஞ்சிலும் முதுகிலும் எழுத்துப் பொறித்த அந்தத் துணியைத் தன் தலைவழியாகக் கழற்றி அவளுக்கு மாட்டினாள். அது அவளுக்கு மிகவும் தொளதொளவென்றிருந்தது; பக்கத்து நாடாக்களை இழுத்து முடிந்தாள். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நடுநாயகிக்கு இருந்த உரிமை அது.

அன்று முதல் இன்றுவரை பதினொரு நாள். சிறியவள் தொடக்கத்திலே பந்து கைக்கு வந்தவுடன் கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது மூடுவதில்லை. ஆனால் வலப்பக்கம் நிற்பவளுக்கே எப்போதும் கொடுக்கிறாள். இடப்பக்கம் அவளுக்குக் கண்ணில் படுவதில்லை. பெரியவள் ஒவ்வொரு மாலையும் அவளுடைய இடப்பக்கத்திலே நின்று, கையை உயர்த்தி, பெயர் சொல்லிக் கூப்பிடாமல், ஓடிக்கொண்டேயிருக்கிறாள். பந்து வருவதில்லை. மறுபடியும் ஓடுகிறாள். நேற்று இரண்டு முறை வந்தது.

புதுவருடத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வடக்குப் பக்கத்துக் கோல் கம்பம் காற்றிலே சற்றுச் சாய்ந்திருக்கிறது. நாளைக்கு அதன் அடியில் இரண்டு சாக்கு மணல் போடச் சொல்லியிருக்கிறேன். மூன்றரை மணிக்குப் போகவேண்டும். இப்போது செக்கன் கணக்கிலேதான் எண்ணுகிறேன். ஆனால் சிறியவள் பந்தைப் பிடிக்கும்போது மட்டும், பெரியவளின் விருப்பத்தின்படி, பழைய நொடிக் கணக்கிலே விரலை நொடிக்கிறேன்.